தண்ணீர் முறை

தூத்துக்குடி உப்பளச் சாலையில், சூரியன் வருவதற்கு முன்பே வேர்த்துப்போய் நிற்கிற ஒரு கூட்டம் உண்டு. மருந்துக்கடைக்காரர், பல் டாக்டர், கல்லூரி வாத்தியார், வங்கியில் வேலை பார்க்கும் மகேஸ்வரி என்று பத்துப் பன்னிரண்டு பேர். யாரும் சின்ன வயதிலிருந்தே ஓடியவர்கள் இல்லை. சர்க்கரைக்குப் பயந்து ஓட வந்து, பிறகு ஓட்டத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள்.

அவர்களுக்குக் கோச் கிளாடிஸ். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். ஒரு காலத்தில் மாநிலத்துக்காக ஐயாயிரம் மீட்டர் ஓடியவர். இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. தன்னைவிட மூத்தவர்களுக்குச் சொல்லித்தருவதால் எல்லோரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அதே மரியாதைதான்.

"கையை ஏன் சார் பஸ்ஸை நிப்பாட்டுற மாதிரி வீசுறீங்க?"

அவரிடம் அதிகம் திட்டு வாங்காதவர் குற்றாலிங்கம். கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. நாற்பத்திரண்டு வயது. கோச் எழுதிக் கொடுத்த பயிற்சியை ஒரு நாளும் விட்டதில்லை. மழை பெய்தாலும், ராத்திரி ஷிப்ட் முடிந்து கண் எரிந்தாலும், மைத்துனன் கல்யாணத்துக்கு முந்தின நாளானாலும், விடியும்போது லிங்கம் சாலையில் இருப்பார். ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவருக்கு அது ஆசை என்பதையும் தாண்டி, கொடுத்த வாக்கைப் போல ஆகியிருந்தது. யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஒரு நாள் ஓட்டம் முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். மகேஸ்வரி ஷூவைக் கழற்றியபடி கேட்டார்.

"லிங்கம் சார், உங்க வீட்டுல எப்படி விடுறாங்க? எங்க வீட்டுல தினமும் யுத்தம். நேத்து எங்க மாமியார் என் ஷூவைத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க வீட்டுலயும் இருந்துச்சு மேடம்" என்றார் லிங்கம். "முதல் வருஷம் பூரா சண்டைதான். பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போன இடத்துல நான் ஓடப் போயிட்டேன். பானை பொங்கி, சாமி கும்பிட நான் இல்லாம எல்லாரும் வாசல்லயே நின்னிருக்காங்க. திரும்பி வந்தா என் சம்சாரம் மாரிச்செல்வி ரெண்டு நாள் பேசல. இப்ப அதெல்லாம் கிடையாது. பழகிட்டாங்க."

"என்ன மந்திரம் போட்டீங்க?"

"மந்திரம் இல்ல. திட்டம். ஓட்டத்துக்கு நேரம் ஒதுக்குற மாதிரி வீட்டுக்கும் ஒதுக்கிட்டேன். சாயங்காலம் பிள்ளை கூட முக்கால் மணி நேரம். வாட்ச்சுல வச்சிருவேன். அந்த நேரத்துல போனைத் தொட மாட்டேன்."

"அடேயப்பா."

"இதைக் கேளுங்க. போன வாரம் தர்ஷினி கூட கேரம் விளையாடிட்டு இருந்தேன். வாட்ச் பீப் அடிச்சுது. அவ காயை அப்படியே வச்சுட்டு, 'அப்பா, மணி ஆயிருச்சு, நீங்க போகலாம்'ங்கா. பத்து வயசுதான். என்ன ஒழுங்கு பாருங்க."

மறுபடியும் சிரித்தார்கள். பல் டாக்டர் கைகூடத் தட்டினார்.

கிளாடிஸ் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு லிங்கம் அவரிடம் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். ஓட்டத்தையும் வேலையையும் வீட்டையும் சரியாத்தான் கொண்டு போறேனா? நீங்க நிறைய பேரைப் பார்த்திருப்பீங்க."

"உங்களுக்கு எப்படித் தோணுது சார்?"

"சரியாத்தான் போகுதுன்னு தோணுது. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனாலும் சில நேரம் வீட்டுக்குள்ள நுழையும்போது லாட்ஜுக்கு வந்த மாதிரி இருக்கு. எல்லாம் சுத்தமா இருக்கு. சாப்பாடு இருக்கு. துண்டு மடிச்சு வச்சிருக்கு."

கிளாடிஸ் பாட்டிலைப் பையில் போட்டார்.

"வர்ற ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் முறை உங்களுது சார்" என்றார்.

தண்ணீர் முறை என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் ஓடக்கூடாது. ஐஸ் பெட்டி, தண்ணீர், மோர், வாழைப்பழம், உப்புக்கடலை எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு உப்பளச் சாலை முடிகிற இடத்தில், பழைய பம்ப் ஷெட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். ஓடி வருகிறவர்கள் அங்கே குடித்துவிட்டுத் திரும்புவார்கள். லிங்கம் இதுவரை நின்றதில்லை. அவர் முறை வரும்போதெல்லாம் யாரையாவது கெஞ்சி மாற்றிவிடுவார். அந்த வாரப் பயிற்சி கெட்டுப்போகும் என்பது காரணம்.

"மேடம், இந்த ஞாயிறுதான் பெரிய லாங் ரன்."

"ஆமா சார்."

"அடுத்த வாரம் நிக்கட்டுமா?"

"உங்க கேள்வியை அடுத்த வாரம் கேட்டிருந்தா அடுத்த வாரம் நின்னிருக்கலாம்."

லிங்கத்துக்குப் புரியவில்லை. கோச் சொன்னால் செய்துதான் பழக்கம். சரி என்று தலையாட்டினார்.

அந்த ஞாயிறு தசரா நேரம். பள்ளிக்கூடங்களுக்குக் காலாண்டு லீவு. ஊர் முழுக்கக் குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு மாலை போட்டவர்கள். வேஷம் கட்டி, மேளத்தோடு வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்குகிற செட்டுகள் தெருவுக்குத் தெரு. லிங்கத்தின் மகள் தர்ஷினியும் மாலை போட்டிருந்தாள். அவள் பாயில் படுப்பதையும் ஒருவேளை மட்டும் சாப்பிடுவதையும் பார்த்து, "என்னைவிட நல்லா டயட் இருக்காளே" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்திருந்தார். வேஷம் என்றைக்கு என்று கேட்கவில்லை.

விடியும் முன்பே லிங்கம் பம்ப் ஷெட்டுக்கு வந்துவிட்டார். அவர் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவர். ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார். டம்ளர்களை வரிசையாக வைத்தார். வாழைப்பழத்தைச் சீப்பிலிருந்து பிரித்துக் காம்பு ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கினார். எலுமிச்சம்பழத்தை நறுக்கி உப்புத் தூவினார். முதலில் வருவது மருந்துக்கடைக்காரராகத்தான் இருக்கும். அவர் நிற்காமல் டம்ளரை வாங்குகிறவர். எனவே இரண்டு டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, கையில் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார்.

வெளிச்சம் வந்தது. பாத்திகளில் தேங்கிய தண்ணீர் முதலில் சாம்பலாகவும் பிறகு வெள்ளையாகவும் மாறியது. உப்புக் குவியல்களுக்குத் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். சாலையில் யாரும் இல்லை.

கை வலித்தது. டம்ளர்களைக் கீழே வைத்தார். வைத்தவுடன் வந்துவிடுவார்களோ என்று மறுபடியும் எடுத்தார்.

வெயில் காலில் பட்டது. கிளாடிஸுக்குப் போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் ஓடும்போது போனைக் கோச்சின் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிடுவார்கள். ஒருவரும் எடுக்கவில்லை.

உப்பு லாரிகள் வேகமாக வருகிற சாலை. யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமோ? வண்டியை எடுத்துப் பார்க்கப் போகலாம். போன நேரத்தில் அவர்கள் வேறு பக்கமாக வந்துவிட்டால் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. போகவில்லை.

லாரி ஒன்று வந்தது. கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, வழியில ஏதும் ஆக்ஸிடென்ட்டு?"

"அப்படி ஒண்ணும் இல்லியே. யாரைத் தேடுறீங்க?"

"ஓடிட்டு வருவாங்க."

"எதுக்கு?"

லிங்கம் பதில் சொல்வதற்குள் லாரி போய்விட்டது.

பயம் போனது. அதன் இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. பெரிய லாங் ரன்னை விட்டுவிட்டு இவர்களுக்காக எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருக்கிறோம். வரவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? கிளாடிஸிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கினார். நல்ல காரமான கேள்விகள். ஒரு தடவை வாய்விட்டுக்கூடச் சொல்லிப் பார்த்தார்.

ஐஸ் முழுக்க உருகிவிட்டது. டம்ளர் தண்ணீரில் ஒரு பூச்சி விழுந்து மிதந்தது. அதைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றவில்லை.

பிறகு, எப்போது என்று அவருக்கே தெரியாமல், கோபமும் போய்விட்டது. பம்ப் ஷெட்டின் நிழலில் உட்கார்ந்து பாத்தியில் நின்ற கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று அடித்தது. ஊற்றி வைத்திருந்த மோரை எடுத்துத் தானே குடித்தார். புளித்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு டம்ளர் குடித்தார். திரும்பி ஒரு தடவைகூடச் சாலையைப் பார்க்கவில்லை.

உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா அந்தப் பக்கம் வந்தார். லிங்கம் மீதிப் பழங்களையும் கடலையையும் அவரிடம் கொடுத்தார்.

"யாருக்கோ வச்சிருந்தியளே?"

"அவங்க வரலம்மா. பரவாயில்ல, நீங்க கொண்டு போங்க."

தண்ணீரைக் கீழே ஊற்றினார். பலகையை இருந்த இடத்தில் சாய்த்து வைத்தார். டம்ளர்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஓட்டம் தொடங்குகிற மைதானத்துப் பக்கம் போகாமல் பைபாஸ் வழியாக வீட்டுக்கு வண்டியை விட்டார்.

வீடு பூட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததே இல்லை. லாங் ரன், அதற்குப் பிறகு கூட்டத்தோடு டிபன், முதுகு பிடித்துவிட ஒருவரிடம் போவது என்று மதியம் தாண்டித்தான் வருவார். தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனார். மேஜையில் சாப்பாடு மூடியிருந்தது. மூடியின் மேல் ஈரத்துணி. முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கும் ஐஸ் பை எடுப்பதற்கு வசதியாக பிரிட்ஜில் முன்வரிசையில் இருந்தது.

மனைவிக்குப் போன் செய்தார்.

"சொல்லுங்க" என்றாள் மாரிச்செல்வி. பின்னால் மேளச் சத்தம். "என்ன, சீக்கிரமே வந்துட்டீங்களா? சாம்பார் மேஜையிலயே இருக்கு."

"எங்க இருக்கீங்க?"

"செட்டோட சுத்திட்டு இருக்கோம். தர்ஷினிக்கு இன்னைக்கு வேஷம்லா. குறத்தி வேஷம். கூடை, பாசிமணி, எல்லாம் கட்டி எங்க அண்ணன் பொண்ணுதான் மை போட்டுவிட்டா. அடையாளமே தெரியல."

"எனக்குச் சொல்லவே இல்லியே."

மாரிச்செல்வி ஒரு கணம் யோசித்தாள்.

"சொல்லலியோ? சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்."

அவள் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே நினைவில்லாமல் சொன்னாள்.

"எதுக்கு வேஷம் நேர்ந்தா?"

"போன வருஷம் நீங்க முட்டி வீங்கி நொண்டிக்கிட்டே ஓடினீங்கல்ல, அப்ப அவதான் நேர்ந்துகிட்டா. அப்பா நல்லா ஓடணும்னு. அப்புறம் உங்களுக்குத்தான் சரியாப் போச்சே. நேர்ந்ததைக் கழிக்கணும்லா, அதான்."

லிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் வரட்டுமா?"

"எங்க வருவீங்க? செட்டு எந்தத் தெருவுல நிக்கும்னு எங்களுக்கே தெரியல. நீங்க ஓடிக் களைச்சு வந்திருப்பீங்க. சாப்பிட்டுட்டுப் படுங்க. நாங்க பார்த்துக்கிடுதோம்."

"பிள்ளைகிட்ட குடு."

மேளச் சத்தம் பெரிதானது. தர்ஷினி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, லாங் ரன் முடிஞ்சுதா?"

"இன்னைக்கு ஓடலம்மா."

"ஏன், காலு வலிக்கா?"

"இல்ல. தண்ணி கொடுக்கப் போனேன்."

"யாருக்கு?"

தர்ஷினி பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"சரிப்பா, அடுத்த வீடு வந்துட்டு. வைக்கேன்."

லிங்கம் மூடியைத் திறக்கவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு வெகுநேரம் அதற்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு கிளாடிஸ் வீட்டுக்குப் போனார்.

கிளாடிஸ் வாசலில் முறத்தை மடியில் வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய கணவர் குக்கரோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது.

"வாங்க சார். சண்டை போட வந்தீங்களா?"

"அதுக்குத்தான் மேடம் வரணும்னு இருந்தேன்."

"போடுங்க."

"இப்ப சண்டை வரல."

கிளாடிஸ் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். லிங்கம் உட்கார்ந்தார்.

"ரொம்ப நேரம் நின்னீங்களா சார்?"

"வெயில் ஏறுற வரைக்கும்."

"கோபம் வந்துச்சா?"

"முதல்ல பயம் வந்துச்சு. லாரி கீரி அடிச்சிருச்சோன்னு. அப்புறம்தான் கோபம். உங்களை என்னவெல்லாமோ கேக்கணும்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லியா?"

"கொக்கு பார்த்துட்டு இருந்தேன். மோரை நானே குடிச்சேன். பழத்தை ஒரு அம்மாகிட்ட கொடுத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு மேடம்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் லிங்கத்தின் முகம் மாறியது. தான் சொன்னது தன் காதிலேயே தாமதமாக விழுந்தது போல இருந்தது. கிளாடிஸ் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். "கிளாடிஸ், எத்தனை விசிலு?"

"நாலு விடுங்க."

தூரத்தில் எங்கோ ஒரு செட்டு மேளம் அடித்துப் போனது. லிங்கம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாரிச்செல்வி கூடப் பேசினேன் மேடம்."

"திட்டினாங்களா?"

"இல்ல. நல்லாத்தான் பேசினா."

கிளாடிஸின் கை ஒரு நொடி நின்று மறுபடியும் உரித்தது.

"மேடம், சென்னைக்குப் போகல. மாரத்தான் வேண்டாம். இனிமே ஞாயிற்றுக்கிழமை வீட்டுல இருந்துருதேன். லீவுக்கு அவங்க எங்க போனாலும் கூடப் போறேன்."

"அது உங்க இஷ்டம் சார்."

"எத்தனை மாசம் ஆகும்? நீங்க ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தா அப்படியே செஞ்சிருவேன். ஒரு நாள் விட மாட்டேன். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"அப்ப சொல்லுங்க. நான் திரும்பி வந்தா, அவங்க அங்க இருப்பாங்களா?"

கிளாடிஸ் முறத்தை இறக்கிக் கீழே வைத்தார். கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அது வெங்காயத்தால் வந்ததா என்று லிங்கத்துக்குத் தெரியவில்லை.

"காலையில நாங்க வந்தோம் சார்."

லிங்கம் நிமிர்ந்தார்.

"முதல்ல எல்லாரையும் வேணும்னேதான் மைதானத்துல நிப்பாட்டிப் பயிற்சி கொடுத்தேன். வெயில் வந்தப்புறம்தான் ஓட விட்டேன். நான் ஸ்கூட்டர்ல கூடவே வந்தேன். பம்ப் ஷெட்டு தெரிஞ்சதும் மகேஸ்வரி மேடம், 'லிங்கம் சார் மோர் வச்சிருப்பாரு'ன்னு சொல்லி வேகம் எடுத்தாங்க. வந்து பார்த்தா தரையில தண்ணி கொட்டின ஈரம் மட்டும் இருந்துச்சு. காயக்கூட இல்ல. அங்க ஒரு அம்மா இருந்தாங்க. இப்பத்தான் போறாரு, தங்கமான மனுஷன்னு சொன்னாங்க. நீங்க கொடுத்த பழத்தை எங்களுக்குத்தான் ஆளுக்கு ஒண்ணாக் கொடுத்தாங்க."

"நீங்க வருவீங்கன்னு எனக்கு எப்படி மேடம்…"

லிங்கம் பாதியில் நிறுத்திக்கொண்டார். கிளாடிஸ் காத்திருந்தார். லிங்கம் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.